மூன்றாம் ஷிப்டுக்கு வைத்த சிவப்புப் புள்ளி

எங்கள் வீட்டு ஆம்ப்ளிஃபயரின் வால்யூம் திருகைச் சுற்றியிருந்த எண்களில் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. நெயில் பாலிஷ் என்னுடையது. புள்ளியை வைத்தவர் பக்கத்து வீட்டு அங்கிள்.

நெய்வேலி நகரியத்தில் நாங்கள் இருந்த வட்டத்தில் குவார்ட்டர்ஸ் வீடுகள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் அங்கிளின் கட்டில், இந்தப் பக்கம் என் அண்ணனின் ஸ்பீக்கர்கள். சுரங்கத்தில் மண் வெட்டும் பெரிய இயந்திரம் ஒன்றுக்கு அங்கிள் ஆப்பரேட்டர். மூன்றாம் ஷிப்ட் வாரங்களில் இரவெல்லாம் இயந்திரத்தில் இருந்துவிட்டு விடிந்ததும் வந்து பகலில் தூங்குவார். எங்கள் தெருவில் எந்த நேரமும் யாராவது ஒருவர் இப்படித் தூங்கிக்கொண்டிருந்தார். கேட்டில் ஹெல்மெட் தொங்கினால் உள்ளே ஆள் படுத்திருக்கிறார் என்று அர்த்தம். காய்கறி வண்டிக்காரர் அந்த வீட்டைத் தாண்டிய பிறகுதான் குரல் கொடுப்பார். கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள் விக்கெட்டைத் தெருவின் மறுகோடிக்குக் கொண்டுபோவார்கள். தூக்கம் கெட்ட ஆப்பரேட்டர் இயந்திரத்தில் ஏறினால் என்ன ஆகும் என்று யாரும் யாருக்கும் விளக்கியதில்லை.

அண்ணன் ஆம்ப்ளிஃபயர் வாங்கிய வாரம் அங்கிளுக்கு மூன்றாம் ஷிப்ட். முற்பகலில், சிவந்த கண்ணும் லுங்கியுமாக எங்கள் வீட்டுக்குள் வந்தார். சண்டை என்று நினைத்து அம்மா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். அங்கிள் சண்டை போடவில்லை. அண்ணனை எதையாவது சத்தமாகப் போடச் சொன்னார். ஆன்ட்டியை அங்கே தன் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு வந்திருந்தார். திருகைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக் கத்தினார்.

"இப்ப கேக்குதா?"

"நல்லா கேக்குது!" என்று சுவருக்குள்ளிருந்து ஆன்ட்டி.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம் கொறைங்க!"

"இப்ப?"

பதில் இல்லை. அங்கிள் இன்னொரு முறை கேட்டார். அதற்கும் பதில் இல்லை. போய்ப் பார்த்தால் ஆன்ட்டி தூங்கியிருந்தார். திரும்பி வந்து, "இதான் லெவலு" என்றார் அங்கிள். "குறி வெக்க எதனா குடும்மா" என்று என்னைப் பார்த்துக் கை நீட்டினார். அப்படித்தான் அந்தப் புள்ளி வந்தது. அதற்குப் பிறகு இரண்டு வீடுகளுக்கும் இடையில் அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

அந்த ஆம்ப்ளிஃபயரில் பெரும்பாலும் ஓடியது ஒரே ஒரு சிடி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மழை பிடித்த ஒரு மூலையிலிருந்து வந்த கிரஞ்ச் ராக் ஆல்பம். எங்கள் வீட்டில் யாரும் அதைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அம்மாவுக்கு அது 'அந்தக் கத்துற சிடி', எங்கள் இருவருக்கும் வெறும் 'சிடி'. அண்ணனோடு டிப்ளமோ படித்த ஒருவன் பெங்களூரில் வாங்கி, ஒரே தடவை கேட்டு, தலைவலிக்கிறது என்று இவனிடம் தள்ளிவிட்டுப் போனது. பாடுகிறவர் என்ன சொல்கிறார் என்று எங்களுக்கு முதலில் பாதிகூடப் புரியவில்லை. ஆனால் அவரால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை என்பது புரிந்தது. அண்ணனாலும் உட்கார முடியாது. சாப்பிடும்போதுகூட அவனுடைய வலது முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். அம்மா தொடையில் ஒன்று போட்டால் நிற்கும். அம்மா எழுந்து போனதும் மறுபடி தொடங்கும்.

அந்த ஆல்பத்துக்கும் சிவப்புப் புள்ளிக்கும் ஒத்துப்போகவில்லை. பாட்டுகள் முணுமுணுப்பில் தொடங்கும். ஒரு கிட்டார், ஒரு குரல். பிறகு எல்லா வாத்தியமும் ஒரே நொடியில் மேலே வந்து விழும். உரத்த இடம் புள்ளிக்குள் அடங்கும்படி வைத்தால் மெல்லிய இடம் காதில் விழாது. மெல்லிய இடத்துக்கு ஏற்றால் அங்கிள் எழுந்துவிடுவார். உரத்த இடம் வரும்போது திருகைக் குறைத்துவிட்டால் போகிறது என்று ஒருநாள் சொன்னேன்.

"அந்த ஆளு கத்தணும்னு கத்துறாரு. அதைக் கொறைக்க நான் யாரு?" என்றான் அண்ணன்.

அதனால் மற்ற வாரங்களில் புள்ளியை ஒட்டி ஸ்பீக்கர், மூன்றாம் ஷிப்ட் வாரங்களில் ஹெட்போன். முழுச் சத்தத்தில். அறைக்கு வெளியே நின்றால்கூட அதிலிருந்து கசியும் டிரம்ஸ் கேட்கும். சுவருக்கு அந்தப் பக்கத்துத் தூக்கத்தைக் காப்பாற்ற, வீட்டிலேயே பெரிய சத்தத்தை அவன் தன் காதுக்குள் வைத்துக்கொண்டான். எல்லோருக்கும் அது நல்ல ஏற்பாடாகவே பட்டது. "தங்கமான புள்ள. அது இருக்கிற எடமே தெரில" என்று ஆன்ட்டி அம்மாவிடம் சொல்வார். இது வருடக்கணக்கில் நடந்தது.

நான் சென்னைக்குப் போய் ஓர் ஆங்கில நாளிதழில் உதவி ஆசிரியரானேன். அண்ணன் சுரங்கத்தில் கான்ட்ராக்டில் சேர்ந்தான். பழுப்பு நிலக்கரி ஓடும் கன்வேயரின் மோட்டார் பக்கம் வேலை. காதில் அடைப்பான் போட்டுக்கொண்டுதான் நிற்பதாகச் சொல்வான். அப்பா ஓய்வு பெற அதிக காலம் இல்லை. அவர் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அண்ணன் பெர்மனென்ட் ஆகிவிட்டால் அவன் பேரில் வேறு வீடாவது கேட்கலாம். பெர்மனென்ட் ஆகி, அங்கிளைப் போல இயந்திரத்தில் ஏறி உட்கார வேண்டும் என்பதைத் தவிர அவன் வேறு எதையும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. கான்ட்ராக்ட் ஆட்களில் சிலரை எடுக்கப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தும் போயும்கொண்டிருந்தது. ஒரு கோடையில் அது உண்மையானது. அவன் பெயரும் வந்தது. மருத்துவப் பரிசோதனை மட்டும் மீதி.

அதே கோடையில் அந்த ஆல்பம் வந்து இருபது ஆண்டுகள் நிறைந்தன. ஞாயிறு இணைப்புக்கு, அதைக் கேட்டு வளர்ந்தவர்களிடம் பேசி ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். இருபதாம் ஆண்டுக்காகப் புதிதாக ஒலிக்கலவை செய்த பதிப்பு ஒன்றும் அலுவலகத்துக்கு வந்திருந்தது. சென்னையில் சிலரிடம் பேசி முடித்தேன். ஒரு கல்லூரி விரிவுரையாளர், ஒரு விளம்பர நிறுவனத்துக்காரர், ஒரு பல் மருத்துவர். மூவருமே தங்கள் இளமையைப் பற்றிப் பேசினார்கள். ஆல்பத்தைப் பற்றிப் பேச ஒருவன்தான் இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். புதிய பதிப்பை எடுத்துக்கொண்டு வார விடுமுறையில் ஊருக்கு பஸ் ஏறினேன்.

கேட்டைத் திறக்கும்போதே பக்கத்துக் கேட்டிலிருந்து அங்கிள் கூப்பிட்டார். ஹெல்மெட் தொங்கவில்லை. ஆனால் கண்கள் சிவந்திருந்தன.

"வாம்மா, நல்லா கீறியா? ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காத. அண்ணன் இப்பல்லாம் புள்ளியத் தாண்டிப் போறான்."

"சத்தமா வைக்கிறானா அங்கிள்?"

"ரெண்டு மூணு மாசமாவே. நானும் சரி, வயசுப் புள்ள, கல்யாணப் பேச்சு ஏதோ இருக்கும்னு பாத்துக்கினு இருந்தேன். அவனாண்ட கேட்டா, புள்ளிலதான் அங்கிள் வெச்சிருக்கேன்னு சொல்றான். பொய் சொல்ற பையன் இல்ல அவன்."

உள்ளே போய்ப் பார்த்தேன். திருகு ஆறில் நின்றது. அண்ணன் குளித்துக்கொண்டிருந்தான். நான் அதைப் புள்ளிக்குக் குறைத்து வைத்தேன். அவன் வந்து, சிடி ஓட ஆரம்பித்ததும் பேசிக்கொண்டே, பார்க்காமலே, கை நீட்டி ஆறுக்கு ஏற்றினான். நான் திருகைச் சுட்டிக் காட்டினேன். "ஸ்பீக்கர் பழசாயிருச்சு" என்றான்.

மாலையில் கட்டுரைக்காக அவனிடம் பேசினேன். ஐந்தாவது பாட்டைப் பற்றிக் கேட்டேன். அவனுக்குப் பிடித்தது அதுதான். அதில் முதல் பாதி முழுக்க ஒற்றைக் கிட்டாரும் கம்மிய குரலும். அது நின்று, பாடுகிறவர் ஒரு மூச்சு இழுப்பார். அதன் பிறகு இடி.

"எல்லாரும் அந்த இடியைச் சொல்லுவாங்க. எனக்கு மூச்சுதான். மேல இருந்து குதிக்கப் போறவன் இழுக்கிற மூச்சு அது. அது இல்லைன்னா அந்த இடி வெறும் சத்தம்" என்றான்.

இருபது ஆண்டுக்கால ரசிகர்களில் ஆல்பத்தைப் பற்றி எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான வாக்கியம். எழுதிக்கொண்டு, புதிய பதிப்பைப் போட்டேன். அவன் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடினான். முழங்கால் ஆடியது. ஐந்தாவது பாட்டு வந்தது. கிட்டார் நின்றது. வழக்கம்போல ஒரு விரலை உயர்த்தினான். "இதோ" என்றான். முகத்தில் பழைய மகிழ்ச்சி.

புதிய கலவையில் அந்த மூச்சு இல்லை. நான் சென்னையிலேயே கவனித்திருந்தேன். யாரோ ஓர் ஒலிப்பதிவாளர் சுத்தம் செய்கிறேன் என்று அதைத் துடைத்து எடுத்திருந்தார். கிட்டாருக்கும் இடிக்கும் நடுவில் இருந்தது வெறும் வெற்றிடம்.

"என்ன கேட்டுச்சு?" என்றேன்.

"மூச்சுதான். பழசைவிடத் தெளிவா இருக்கு."

திரும்பப் போட்டேன். மறுபடி விரல் உயர்ந்தது. பழைய சிடியை எடுத்து, அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தி, எங்கே இருக்கிறது என்று சொல்லாமல் ஓட விட்டேன். மூச்சு வந்தது. எனக்குக் கேட்டது. அவன் அசையவில்லை. இடி வந்ததும் திடுக்கிட்டான்.

புதியதில் மூச்சே இல்லை என்று நான் சொன்னதும் கோபப்பட்டான். "உனக்கு எல்லாத்துலயும் ஒரு நியூஸ் வேணும்" என்றான். பிறகு செல்போனில் மெல்லிய பீப் ஒலிகள் எழுப்பும் ஒன்றை இறக்கி, அவன் முதுகுக்குப் பின்னால் நின்று சோதித்தேன். முதலில் எல்லாவற்றுக்கும் கை தூக்கினான். எதிரே ஷோகேஸ் கண்ணாடியில் என் கட்டைவிரல் தெரிவதைக் கவனித்தேன். அவனைத் திருப்பி உட்கார வைத்தேன். அதற்குப் பிறகு, கூர்மையான ஒலிகளுக்குக் கை எழவில்லை. முழங்கால் நின்றிருந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு பயம் வந்தது.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றான். மருத்துவப் பரிசோதனையில் காதுச் சோதனை எப்படி நடக்கும் என்று ஏற்கெனவே போய் வந்தவர்களிடம் விசாரித்து வைத்திருந்தான். ஒரு சின்ன அறை, ஒரு ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். ஒலி கேட்டால் அமுக்க வேண்டும்.

"ஒண்ணுக்கப்பறம் ஒண்ணா ஒரே மாதிரி இடைவெளியிலதான் போடுவாங்களாம். தாளம் புடிச்சிட்டா போதும். நான் அந்த மூச்சுக்கு எத்தனை வருஷமா காத்திருந்து பழகினவன், தெரியும்ல?"

அவன் சொன்னதில் பெருமைகூட இருந்தது. நான் சென்னைக்குத் திரும்பினேன். கட்டுரையில் மூச்சைப் பற்றிய வாக்கியத்தைச் சேர்க்க முடியவில்லை. வாசகர் கையில் இருக்கப்போவது புதிய பதிப்பு. அதில் இல்லாத ஒன்றைப் பற்றி எப்படி எழுதுவது என்று ஞாயிறு இணைப்பின் ஆசிரியர்கள் கேட்டார்கள். கேள்வி சரியானது. விரிவுரையாளரும் விளம்பரக்காரரும் பல் மருத்துவரும் அச்சில் வந்தார்கள்.

சோதனை முடிந்த அடுத்த விடுமுறையில் போனேன். அண்ணன் வீட்டில் இல்லை. பக்கத்து கேட்டருகே, அங்கிளும் ஆன்ட்டியும் நிற்க, நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் போய்ச் சேர்ந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தான். அதை அவன் பலமுறை சொல்லிப் பழகியிருந்தது தெரிந்தது.

"ஹெட்போன மாட்டி விட்டாங்க. கதவ சாத்திட்டாங்க. கண்ண மூடிக்கிட்டு மனசுக்குள்ள தாளம் போட்டுக்கிட்டு அமுக்குறேன், அமுக்குறேன், அமுக்கிக்கிட்டே இருக்கேன். அந்த மேடம் கதவத் தொறந்து, தம்பி, நான் இன்னும் மெஷினையே ஆன் பண்ணலப்பான்னாங்க."

ஆன்ட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அண்ணனும் சிரித்தான். அங்கிள் சிரிக்கவில்லை.

"அப்பறம் என்னா ஆச்சு?"

"மொதல்லருந்து வெச்சாங்க. கேக்குறதுக்கு மட்டும் அமுக்குங்கன்னாங்க. அமுக்குனேன். மூணு மாசம் கழிச்சு வரச் சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் ஹெட்போன் தொடக்கூடாதாம்."

"காது போனது மிசினாலயா, பாட்டாலயா?"

"டாக்டரையும் கேட்டேன் அங்கிள். ரெண்டையும் கலந்து கேட்டா எப்புடிச் சொல்றதுங்கறாரு."

அங்கிள் எங்கள் வீட்டுச் சுவர்ப் பக்கம் பார்த்தார். ஹெட்போன் எதற்காக என்பது எங்கள் நால்வருக்கும் தெரியும். "நான் தூங்குறதுக்கோசரம்" என்று ஆரம்பித்தார். ஆன்ட்டி இடையில் புகுந்து, "சும்மா இருங்க, புள்ள மனசு ஒடிஞ்சி நிக்குது, இவரு வேற" என்றார்.

அந்த மூன்று மாதங்களில் அண்ணன் வீட்டுக்குள் நடந்தபடியே இருந்ததாக அம்மா சொன்னார். கேட்க ஒன்றும் இல்லை. மூன்றாம் ஷிப்ட் இல்லாத வாரங்களிலும் ஆம்ப்ளிஃபயரைத் தொடவில்லை. அவனோடு பெயர் வந்தவர்கள் சேர்ந்துவிட்டார்கள். புதுச் சட்டை போட்டுக்கொண்டு அவன் கண்ணெதிரே பஸ் ஏறினார்கள். அவன் பழைய கான்ட்ராக்ட் பஸ்ஸில் போனான்.

இரண்டாவது சோதனைக்கு முந்தைய வாரம் நான் ஊரில் இருந்தேன். அங்கிளுக்கு வார விடுமுறை. காலையிலேயே வந்து, ஸ்பீக்கரைத் தூக்கு என்றார்.

"எங்க அங்கிள்?"

"எங்க வூட்டுக்கு. இன்னிக்கு நான் தூங்கல. அந்தாண்ட வூடு பூட்டிக் கெடக்குது, எதுத்தாப்ல ஆளு மொத ஷிப்டுக்குப் போயாச்சு. நல்லா போடு. எத்தினி வருசமா சுவத்துல காது வெச்சிக்கினு படுத்துக் கெடந்தேன், முழுசா இன்னான்னு கேக்க வேணாமா?"

அவர் கட்டிலுக்கு எதிரே ஸ்பீக்கர்களையும் ஆம்ப்ளிஃபயரையும் வைத்தோம். ஆன்ட்டி முந்திரியும் காப்பியும் கொண்டுவந்து வைத்தார். அண்ணன் திருகின்மேல் கை வைத்துத் தயங்கினான். அங்கிள் அவன் கையைத் தள்ளிவிட்டு அவரே திருகினார். புள்ளியைத் தாண்டி, ஆறைத் தாண்டி, எட்டில் விட்டார். அவ்வளவு சத்தத்தில் அந்த ஆல்பத்தை ஸ்பீக்கரில் நாங்கள் யாருமே கேட்டதில்லை. ஷோகேஸில் எவர்சில்வர் டம்ளர்கள் நடுங்கின.

முதல் பாட்டு முடிவதற்குள் அங்கிள் கட்டில் சட்டத்தில் கையால் தட்ட ஆரம்பித்தார். பாஸ் கிட்டார் போகிற போக்கு பிசகாமல், இரண்டாவது பாட்டுக்கும், மூன்றாவதுக்கும், அது மாறும் இடத்தில் மாறி. சுவர் வழியாக அது ஒன்றுதான் இத்தனை வருடமும் அவருக்கு வந்திருக்கிறது.

"இதான் எனக்குத் தெரியும். இது மேல ஒரு ஆளு பாடுறான்னே தெரியாது" என்று கத்தினார். கொஞ்ச நேரம் உற்றுக் கேட்டார். "இன்னாத்துக்கு இவ்ளோ கத்துறாரு இவரு? லீவு குடுக்கலியா?"

"தெனம் மூணாம் ஷிப்ட் போலருக்கு" என்றார் ஆன்ட்டி.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு ஐந்தாவது பாட்டு வந்தது. அது பழைய சிடி. ஒற்றைக் கிட்டார், கம்மிய குரல். அங்கிளின் கை சட்டத்தில் சும்மா கிடந்தது. இந்தப் பாட்டின் முதல் பாதி சுவரைத் தாண்டி வந்ததே இல்லை. அண்ணன் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டான். கிட்டார் நின்றது. மூச்சு வந்தது. விரல் எழவில்லை. அவன் ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"வந்துச்சா?"

"வந்துச்சு" என்றேன். அதற்குள் இடி விழுந்துவிட்டது. நான் சொன்னது அவனுக்குக் கேட்டிருக்காது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டான்.

இரண்டாவது சோதனையில் அவன் கேட்டதற்கு மட்டும் பொத்தானை அமுக்கினான். வேலை கிடைத்தது, சத்தம் உள்ள இடங்களுக்கு அனுப்பக் கூடாது என்ற குறிப்போடு. இயந்திரம் இல்லை. ஸ்டோரில் போட்டார்கள். காலையில் போய் மாலையில் திரும்பும் ஜெனரல் ஷிப்ட். அப்பா ஓய்வு பெற்றதும் வேறு வட்டத்தில் சிறிய வீடு கிடைத்தது. கூரை முட்டப் பாதிச் சுரங்கத்துக்கு வேண்டிய போல்ட்டும் பேரிங்கும் அடுக்கிய, மின்விசிறி மட்டும் சுழலும் ஓர் இடத்தில் அவன் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிறான்.

அவன் வேலையில் சேர்ந்த வாரம் அம்மாவைப் போனில் பிடித்தபோது, குரல் நன்றாக இருந்தது. எல்லோரும் சந்தோஷமாக இருப்பதாகச் சொன்னார். பிறகு அண்ணனிடம் கொடுத்தார். எப்படி இருக்கிறது வேலை என்று கேட்டேன்.

"ஒரே அமைதி. ஒரு சத்தமும் கிடையாது. பைத்தியம் புடிச்சிரும் போல இருக்கு" என்றான். போனுக்குள் ஏதோ தடதடவென்று கேட்டது. முழங்கால் மேசையில் இடிக்கிற சத்தம். அது அவனுக்குக் கேட்டதா என்று நான் கேட்கவில்லை.